ஆளுமைச் சிறப்பிதழ்: பெயர்களுக்கு முன்னால் கேள்வி

கேள்வி: மேலூரில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து 48 பக்க மாத இதழ் நடத்தி வருகிறோம். வருகிற சித்திரைத் திருவிழாவை ஒட்டி ‘மதுரை மண்ணின் 25 ஆளுமைகள்’ என்று சிறப்பிதழ் கொண்டுவர ஆசை. பெயர்ப் பட்டியல் நாற்பதைத் தாண்டிவிட்டது. வந்த கட்டுரைகள் எல்லாம் வாழ்த்து மடல் போல இருக்கின்றன. முழுப் பக்க விளம்பரம் தருகிற ஒருவர், தம் தந்தையார் பெயரையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார். பெரிய செய்தி இதழ்கள் இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கின்றன?

பதில்: நாற்பது பெயர்களைக் கையில் வைத்துக்கொண்டு யாரை நீக்கலாம் என்று உட்கார்ந்தால் நண்பர்கள் நால்வருக்குள்ளேயே மனக்கசப்பு வரும். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, வேறொரு தாளில் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். இந்தப் பட்டியல் எந்தக் கேள்விக்கு விடை? அது முடிவாகாதவரை எந்தப் பெயரையும் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது.

அமெரிக்காவின் ‘டைம்’ இதழை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒருவரை அட்டையில் ஏற்றும் அதன் வழக்கம் 1927-ஆம் ஆண்டுக்கான தேர்வில் தொடங்கியது. அட்லாண்டிக் கடலைத் தனி ஆளாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்தான் முதல் தேர்வு. மே மாதம் அவர் பறந்தபோது அட்டையில் போடத் தவறிவிட்டார்கள். ஆண்டுக் கடைசியில் பெரிய செய்தி எதுவும் இல்லாத வாரத்தில், அந்த விடுபடலைச் சரிக்கட்டப் பிறந்த யோசனை அது. ஆனால் நிலைத்துவிட்டது. காரணம், அதன் பின்னால் தெளிவான ஒரு கேள்வி இருந்தது: நன்மைக்கோ தீமைக்கோ, இந்த ஆண்டின் நிகழ்வுகளை அதிகம் பாதித்தவர் யார்? அதனால்தான் 1930-க்கு, எரவாடா சிறைக்குள் இருந்த காந்தியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1938-க்கு ஹிட்லரையும் அதே கேள்விதான் கொண்டுவந்தது. வாசகர் வாக்கெடுப்பு தனியாக நடந்தாலும் இறுதி முடிவு ஆசிரியர் குழுவுடையது.

அதே இதழ் 2004 முதல் ஆண்டுதோறும் செல்வாக்கு மிக்க நூறு பேரின் பட்டியலை வெளியிடுகிறது. 2010 பட்டியலில் நம் ஊர் பெயர் ஒன்று உண்டு: அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் நம்பெருமாள்சாமி. டாக்டர் கோ. வெங்கடசாமி பணி ஓய்வுக்குப் பிறகு 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. கட்டணம் செலுத்துவோரின் வருமானத்தைக் கொண்டு, செலுத்த முடியாதோருக்கும் அறுவை சிகிச்சை செய்யும் முறை அங்கே வேரூன்றியது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை இறக்குமதிக்குக் காத்திராமல் மதுரையிலேயே செய்ய 1992-இல் ஆரோலேப் என்ற அதன் தயாரிப்புக்கூடம் வந்தது. இங்கே ‘சிறந்த மருத்துவர்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. யாருக்கு என்ன மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. செல்வாக்கு என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான்.

ஆகவே உங்கள் கேள்வி இப்படி இருக்கலாம்: ‘இவர் செய்த காரியத்தால் மதுரை வட்டாரத்தில் யாருடைய அன்றாடம் மாறியது?’ நாற்பது பெயர்களுக்கும் எதிரே ஒரே வரியில் விடை எழுதுங்கள். வரி வராத பெயர் தானாக உதிரும். யாரும் கோபிக்க முடியாது, நீங்களும் காரணம் சொல்லித் தவிக்க வேண்டியதில்லை.

சின்னப்பிள்ளை அம்மாவை எழுதும் பலரும் ஓர் இடத்தில் வழுக்குகிறார்கள். பிரதமர் வாஜ்பாய் மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019-இல் பத்மஸ்ரீ கிடைத்தது என்று எழுதி முடித்துவிடுவார்கள். அவை அவருக்குக் கிடைத்தவை. அவர் கொடுத்தது வேறு. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வட்டிக்காரர் வாசலில் நிற்காமல், களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களில் தங்கள் காசைத் தாங்களே சேர்த்து, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கும் நிலை. அழகர்கோவில் பக்கம் அப்படியொரு குழுவின் கூட்டத்தில் ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு வந்து எழுதுங்கள்; கட்டுரை தானாக நிமிரும்.

பட்டியல் முடிந்ததும் அதை மூன்று முறை எண்ணிப் பாருங்கள். பெண்கள் எத்தனை பேர்? மாநகராட்சி எல்லைக்கு வெளியே எத்தனை பேர்? இன்னும் பரவலாகத் தெரியாதவர் எத்தனை பேர்? ‘டைம்’ இதழே 2020-இல், கடந்த நூறு ஆண்டுகளில் தான் விட்டுவிட்ட பெண்களுக்காக ஆண்டுக்கு ஒருவர் வீதம் தனிப் பட்டியல் போட்டது. அத்தனை பெரிய இதழுக்கு அந்தக் குறை நேர்ந்திருக்கிறது என்றால், நமக்கு நேராதா? மூன்றாவது எண்ணிக்கைதான் எனக்கு மிகவும் முக்கியம். 1904-இல் சுப்பிரமணிய பாரதி சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர், அவ்வளவுதான். அந்த ஆண்டு அவருடைய பாட்டை முதன்முதலில் அச்சேற்றியது ‘விவேகபாநு’ என்ற மதுரைப் பத்திரிகை. ஊரே அறிந்தவருக்கு மாலை போட எல்லா இதழ்களும் இருக்கின்றன. அறியாதவரை முதலில் அச்சில் ஏற்றும் பாக்கியம் உள்ளூர் இதழுக்குத்தான். ஐந்து இடங்களையாவது அவர்களுக்கு ஒதுக்குங்கள்.

கட்டுரைகள் ஏன் வாழ்த்து மடலாகின்றன? தெருமுனைப் பேனரின் சொற்கள் நம் கைக்குள் புகுந்துவிட்டன. ‘கலைத்தாயின் தவப்புதல்வர், பழகுவதற்கு இனியவர், எளிமையின் சிகரம்.’ இவற்றை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். ஆகவே யாரையும் காட்டாது. நான் ஆசிரியர் குழுவில் இருந்த காலத்தில் இளம் நிருபர் ஒருவர், உசிலம்பட்டிப் பக்கத்துத் தவில் கலைஞரைப் பற்றி இப்படித்தான் எழுதி வந்தார். திருப்பி அனுப்பினேன். ‘அவர் கையைப் பார்த்துவிட்டு வாருங்கள்’ என்று மட்டும் சொன்னேன். இரண்டாம் முறை வந்த கட்டுரை, திண்ணையில் காயும் கூடுகளிலிருந்து தொடங்கியது. துணிக் கீற்றைப் பசையில் தோய்த்து, விரல் பருமனுக்குச் சுற்றி, வெயிலில் கல்லாக இறுகவிட்ட தவில் கூடுகள். அவற்றை வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டும்போது அந்தப் பெரியவர் பேச்சை நிறுத்திவிடுவார் என்று எழுதியிருந்தார். ஒரு புகழ்ச்சொல்கூட இல்லை. படித்து முடித்ததும் அவர் வாசிப்பைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அதே கட்டுரையில் அவருடைய குருநாதர் பெயரை நாங்கள் தவறாக அச்சிட்டோம். மெய்ப்பு பார்த்தவன் நான்தான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தம் பிரதியில் அந்தப் பெயரைப் பென்சிலால் திருத்தி வைத்திருந்ததைப் பிறகு பார்த்தேன். இன்றுவரை உறுத்துகிறது. அன்றிலிருந்து கட்டுரையை யாருக்கும் முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஆனால் பெயர், ஊர், ஆண்டு, உறவுமுறை ஆகிய தகவல்களை மட்டும் தொலைபேசியில் எழுத்தெழுத்தாக வாசித்து உறுதி செய்த பிறகே பக்கத்தை அச்சகத்துக்கு விடுகிறேன்.

விளம்பரதாரர் விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் ஓர் இடம் விற்கப்பட்டால் மற்ற 24 இடங்களும் விற்றவையாகவே ஊர் பேசும். பட்டியலை முடித்துக் கையெழுத்திட்ட பிறகே விளம்பரம் கேட்கப் போக வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. இப்போது நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள்: “ஐயா, தேர்வு முடிந்துவிட்டது. அப்பாவுக்கு முழுப் பக்க நினைவாஞ்சலி போடுவோம், வாசகத்தை நாங்களே அழகாக எழுதித் தருகிறோம்.” பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். அந்தப் பக்கத்தின் மேலே ‘விளம்பரம்’ என்று இருக்கட்டும். மறுத்தால் அந்தப் பக்கத்தின் வருமானத்தை இழக்கத் துணியுங்கள். தேர்வுக் குழுவின் பெயர்களையும் தேர்வுக் கேள்வியையும் முதல் பக்கங்களிலேயே அச்சிடுங்கள்.

ஆளுக்குச் சமமாகப் பக்கம் பிரிக்காதீர்கள். மூவருக்கு நான்கு பக்கம், எழுவருக்கு இரண்டு பக்கம், மீதிப் பதினைவருக்கு அரைப் பக்கம் என்று வைத்தால் 34 பக்கங்களில் அடங்கும். மிச்சம் 14 பக்கங்கள் தலையங்கத்துக்கும் விளம்பரத்துக்கும் திருவிழாவுக்கும். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்கினால் சுருங்கி வரும், அச்சில் மங்கிவிடும். மூலக் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். எடுத்தவரின் அனுமதியும் பெயரும் அவசியம்.

திருவிழாப் பக்கங்களுக்கு ஒரு யோசனை. இதழ் கொடியேற்றத்துக்கு முன் கடைக்கு வர வேண்டும் என்பதால் உங்கள் கையில் இருப்பது சென்ற ஆண்டுப் படங்களே. தேர், திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குதல் என மூன்றையும் எல்லாரும் போடுவார்கள். நீங்கள் ஒரு வேலையை, ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பசாமி வேடமிட்டு அழகர்மேல் தண்ணீர் பீய்ச்சுவோரின் ஆட்டுத்தோல் பையைத் தைப்பவர் யார், அது கசியாமலிருக்க என்ன செய்கிறார்? இதைத் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே போய்ப் பார்த்து எழுதலாம், படமும் புதிதாக இருக்கும்.

பண்பாட்டுத் தருணத்தை எழுதும்போது ஒருவரை மட்டும் முன்னிறுத்தினால் தருணம் சிறுத்துவிடும். 1939 ஜூலை 8 அன்று மீனாட்சியம்மன் கோவிலுக்குள், அதுவரை உள்ளே விடப்படாதவர்களை மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றார். அழைத்துச் சென்றவரை எழுதுகிறோம். உடன் நடந்தவர்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறோம். அவர்களில் ஒருவர் உங்கள் மேலூருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டி கக்கன், பின்னாளில் தமிழக அமைச்சரானவர். அந்த நான்கு பக்கக் கட்டுரைகளில் ஒன்றை அந்தக் காலை நேரத்துக்கே கொடுங்கள். அட்டைக்கும் அதையே வைக்கலாம் என்பது என் எண்ணம். இதழ் சித்திரைக்குள் தயாராகாவிட்டால் அவசரப்பட வேண்டாம். ஜூலை 8 இருக்கிறது, மேலமாசி வீதியில் காந்தி அரையாடைக்கு மாறிய செப்டம்பர் 22-ம் இருக்கிறது.