52 வயதாகிறது. "வயசாயிடுச்சு, எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்று மில்லில் நெருக்குகிறார்கள். என்ன செய்வது?

எழுதிக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

சேலம் ஆத்தூர் சாலையில் ஒரு நூல் மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டராக இருந்தவன் நான். 2019இல் எனக்கு 53 வயது, 24 வருட சர்வீஸ். புதிதாக வந்த மேனேஜர் எங்களில் 50 தாண்டிய ஏழு பேரை ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். "எத்தனை வருஷமா நின்னுக்கிட்டே வேலை பாக்கறீங்கண்ணா, போய் ரெஸ்ட் எடுங்க" என்று மரியாதையாகத்தான் பேசினார். மேசையில் டைப் அடித்த கடிதம் தயாராக இருந்தது. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று ஒரே வரி. கீழே கையெழுத்துக்கு இடம்.

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். அடுத்த வாரமே என்னைக் கழிவுப் பஞ்சு குடோனுக்கு மாற்றினார்கள். தொடர்ந்து நைட் ஷிப்ட். ஸ்பிண்டில் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் பேரிங் போகிறது என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனை மூட்டை எண்ண வைத்தார்கள். நான் தொழில் பழக்கிய பையன்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. விடியற்காலையில் அயோத்தியாப்பட்டணத்தில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, போதும், கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று பல நாள் தோன்றியிருக்கிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றும். அதற்காகத்தான் அந்த மாற்றமே.

தனியார் வேலையில் வயதை வைத்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் ஆட்குறைப்புக்குச் சட்டம் இருக்கிறது. ஒரே பிரிவில் ஆள் குறைப்பதென்றால், கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் போக வேண்டும்; மாற்றிச் செய்தால் நிர்வாகம் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதோடு சர்வீஸ் செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதிகள் 2020ஆம் ஆண்டு தொழில் உறவுகள் தொகுப்பிலும் அப்படியே இருக்கின்றன. நீங்களாக விலகினால் இதில் எதுவும் கிடையாது. கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை மட்டும்தான்.

என் கணக்கையே சொல்கிறேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய். அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 24 வருடத்தால் பெருக்கினால் கிராஜுவிட்டி சுமார் 2.49 லட்சம். ஆட்குறைப்பு என்று அனுப்பியிருந்தால் அதற்கு மேல் இன்னும் இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்த ஒற்றை வரிக் கடிதம் எதற்கு என்று அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் புரிந்தது.

சின்ன நோட்டு ஒன்று வாங்கி, தேதி போட்டு, யார் என்ன சொன்னார், யார் கூட இருந்தார் என்று எழுத ஆரம்பித்தேன். என்னை ஏன் மாற்றினீர்கள் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. சங்கம் மூலமாகத் தொழிலாளர் அலுவலரிடம் மனு கொடுத்தோம். மூன்று முறை பேச்சுவார்த்தை நடந்தது. மூன்றாவது முறை அந்த நோட்டை அவர் முன்னால் வைத்தேன். மாதக் கடைசியில் பழைய பிரிவுக்கே, பகல் ஷிப்டில் திரும்பிப் போனேன். 58 முடிந்துதான் வெளியே வந்தேன். எங்கள் ஏழு பேரில் கையெழுத்துப் போட்ட இருவருக்குக் கிராஜுவிட்டியோடு சரி. அதில் ஒருவர் 51 வயதிலேயே பிஎஃப் பென்ஷனை வாங்க ஆரம்பித்துவிட்டார். 58க்கு முன் வாங்கினால் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் பிடிப்பார்கள். அது ஆயுசுக்கும் பிடித்தம்தான்.

"சூப்பர்வைசர் என்று போட்டிருக்கிறார்கள், சட்டம் எனக்குப் பொருந்துமா?" என்று நினைக்கலாம். ஆர்டரில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை, தினமும் கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். புது மெஷின்களின் கம்ப்யூட்டர் பேனலை நான் தொடாமலே ஒதுக்கி வைத்திருந்தேன். "இவருக்குத் தெரியாது" என்று சொல்ல அவர்களுக்கு அது வசதியாகிவிட்டது. திரும்பிப் போனதும் எலக்ட்ரீஷியன் பையனிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நன்றாகவே சொல்லிக்கொடுத்தான்.

இன்றைக்கே உங்கள் பிஎஃப் கணக்கில் வேலைக்குச் சேர்ந்த தேதி என்னவென்று இருக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று வருடம் கான்ட்ராக்ட் பெயரில் ஓட்டியிருந்தால் அது அதில் விட்டுப் போயிருக்கலாம்; சர்வீஸ் வருடம் குறைந்தால் பணமும் குறையும். பழைய சம்பளச் சீட்டு, ஈஎஸ்ஐ அட்டை, பழைய அடையாள அட்டை எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள்.