துறைமுகம் ஓரிடம், ஊர் வேறிடம்: கப்பல் பயணக் கேள்வி பதில்

கோயமுத்தூரிலோ நெடும்பாசேரியிலோ விமானம் ஏறி, சிங்கப்பூரில் கப்பல் பிடித்துத் தாய்லாந்து, வியட்நாம் என்று சுற்றிவருவது இப்போது நம் பாலக்காட்டுக் கிழக்குப் பக்கத்திலும் பரவிவிட்டது. கொழிஞ்சாம்பாறை, சித்தூர், முதலமடைக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கப்பலில் கரைச்சுற்றுலா கவுன்ட்டரில் உட்கார்ந்து டிக்கெட் விற்றவன் நான். எதை விற்றோம், எதை வாங்கியிருக்கக் கூடாது, இரண்டும் தெரியும்.

அண்ணா, அட்டவணையில் 'பாங்காக், காலை 8 முதல் மாலை 6 வரை' என்று போட்டிருக்கிறது. அரண்மனை, ஆற்றில் படகு, கொஞ்சம் ஷாப்பிங், மூன்றும் முடியுமா?
*(ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி, கொழிஞ்சாம்பாறை)*

அதே வரியில் சின்ன எழுத்தில் 'லேம் சபாங்' என்று இருக்கும், பாருங்கள். கப்பல் நிற்பது அங்கேதான். பாங்காக் அங்கிருந்து 120, 130 கிலோமீட்டர். கொழிஞ்சாம்பாறையிலிருந்து குதிரான் சுரங்கம் வழியாகக் கொச்சிக்குப் போய், மட்டாஞ்சேரி பார்த்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்புகிற மாதிரி. அதிலும் வீடு ஆறு மணிக்குக் கிளம்பிப் போய்விடும்!

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்புகிறது என்றால் ஐந்தரைக்காவது எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சில கப்பல்கள் ஐந்து மணி என்றே சொல்லும். போக்குவரத்து நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கையிருப்பு வையுங்கள். அப்படியானால் நாலு, நாலரைக்குத் துறைமுக வாசலில் இருக்க வேண்டும். திரும்புகிற பாதை இரண்டு முதல் இரண்டரை மணி. ஆக, இரண்டு மணிக்குள் பாங்காக்கை விட்டாக வேண்டும். காலையில் எட்டு மணிக்குக் கப்பல் துறையில் வந்து நின்றாலும் இறங்கி வண்டி ஏற ஒன்பது ஆகிவிடும், நகரத்துக்குள் நுழையப் பதினொன்றரை. கையில் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம். வெயில் உச்சி நேரமும் அதுதான்.

அந்த நேரத்தில் ஓர் இடம் பார்க்கலாம். அரண்மனை என்றால் அரண்மனை மட்டும். நுழைவுக்கட்டணம் 500 பாட், மூன்றரை மணிக்கு டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலையும் வேட்டியும் கட்டினால் பிரச்சினையே இல்லை, ஷார்ட்ஸ் போட்ட பேரனைத்தான் நிறுத்துவார்கள்.

என்னைக் கேட்டால் பாங்காக்கை விட்டுவிட்டுப் பட்டாயாவுக்குப் போங்கள். துறைமுகத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி. அங்கே கடலோரத்தில் முழுக்க மரத்தால் செதுக்கிய 'சத்தியத்தின் ஆலயம்' இருக்கிறது. 1981-இல் தொடங்கிய வேலை இன்னும் நடக்கிறது. உளி பிடித்த ஆட்களையே நேரில் பார்க்கலாம். நம் தெய்வங்களும் அதில் உண்டு. சாவகாசமாகப் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வந்து கப்பலில் டீ குடிக்கலாம். பாங்காக் ஆசை தீரவில்லை என்றால், லேம் சபாங்கில் ஓர் இரவு தங்குகிற கப்பலாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அப்படியும் அட்டவணைகள் உண்டு.

கம்போடியா சிஹானுக்வில்லில் ஒரு நாள் நிற்கிறது. அங்கோர்வாட் போய்வரலாமா?
*(ஒரு கல்லூரி மாணவர், நாட்டுக்கல்)*

முடியாது. சாலை வழியே 500 கிலோமீட்டருக்கும் மேல். 2022-இல் விரைவுச்சாலை வந்தபிறகு தலைநகர் ப்னோம் பென் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் எட்டக்கூடிய தூரமாகிவிட்டது, அவ்வளவுதான். அங்கோருக்குத் தனியாக சியெம் ரீப்புக்கு விமானம் ஏறுங்கள். மூன்று நாளாவது அதற்குக் கொடுக்க வேண்டும்.

கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலா விலை தலை சுற்றுகிறது. வெளியே கார் பேசினால் பாதிக்குள் முடிகிறதே. எதை எடுப்பது?
*(காய்கறி வியாபாரி, வேலந்தாவளம்)*

விலை விஷயத்தில் உங்கள் கணக்கு சரிதான். நாலு பேர் குடும்பமாகப் போனால் தனிக் கார் எப்போதும் மலிவு. ஆனால் கப்பல் சுற்றுலாவில் நீங்கள் காசு கொடுப்பது காப்பிக்கும் கைடுக்கும் இல்லை. அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அப்படியே போக நேர்ந்தாலும் அடுத்த துறைமுகத்தில் உங்களைச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. நீங்களே பேசிய கார் டயர் பஞ்சராகி நின்றால் கப்பலுக்கு அது தெரியவும் தெரியாது, கவலையும் கிடையாது.

அதனால் தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கும் ஊர் என்றால் தனிக் கார், அல்லது கிராப் (ஊபர் மாதிரி போனில் கூப்பிடும் டாக்சி). சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா எல்லாவற்றிலும் கிராப் ஓடுகிறது. ஒன்றரை மணிக்கு மேல் போனால் கப்பல் பஸ். இடைப்பட்டதில், கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: பெரிய சரக்குத் துறைமுகங்களுக்குள் வெளிவண்டி நினைத்தபடி வர முடியாது. வாசல்வரை ஷட்டில் பஸ், அப்புறம் உங்கள் டிரைவரைத் தேடல். பேசும்போதே 'எந்த கேட், என்ன அடையாளம்' என்று எழுதி வாங்கிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். கடல் கொந்தளிப்பால் கப்பல் அந்தத் துறையைத் தாண்டிப் போய்விடுவதும் நடக்கும். அப்போது கப்பல் சுற்றுலாவின் பணம் தானாகத் திரும்பும், வெளியில் கொடுத்தது அவரவர் பேச்சுத் திறமை.

வியட்நாமில் சான் மே என்ற துறைமுகம். அங்கிருந்து ஹுவே நல்லதா, ஹோய் ஆன் நல்லதா? மீ சன் சிவன் கோவிலும் பார்க்க ஆசை.
*(ஒரு வங்கி ஊழியர், கோவிந்தாபுரம்)*

நல்ல கேள்வி. சான் மே நடுவில் மாட்டிக்கொண்ட இடம். வடக்கே ஹுவே, தெற்கே டா நாங், அதற்கும் தெற்கே ஹோய் ஆன். ஹுவேவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. டா நாங்கும் கிட்டத்தட்ட அதே தூரம், ஹாய் வான் மலைக்கடியில் 2005-இல் திறந்த சுரங்கம் வழியாக. ஹோய் ஆனுக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நாளில் போகிறேன் என்பவர்கள் பார்ப்பது ரோட்டை மட்டுமே.

மீ சன் இன்னும் உள்ளே, மலை சூழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியை ஆண்ட சம்பா அரசர்கள் நாலாம் நூற்றாண்டிலிருந்து பல நூறு வருடம் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோவில்கள். அங்கே எழுந்தருளியவர் பத்ரேஸ்வரர். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரமே போய்விட்டது. மிச்சம் இருப்பதே மனதை உலுக்கும். ஆனால் சான் மேயிலிருந்து போக இரண்டரை மணிக்குக் குறையாது. கப்பல் பன்னிரண்டு மணி நேரம் நின்றால் பார்க்கலாம், இல்லையென்றால் வேண்டாம். அதற்குப் பதில் டா நாங் நகரிலேயே சாம் (அந்தச் சம்பா மக்களின்) சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது, 1919-இல் திறந்தது. மீ சன்னிலிருந்து எடுத்துவந்த லிங்க பீடங்களும் நடராசரும் அங்கேதான் இருக்கின்றன. இரண்டு மணி நேரம் அதில் செலவழித்துவிட்டு ஹோய் ஆனில் மதியச் சாப்பாடு. உங்கள் ஆசைக்கு அதுதான் பொருந்தும்.

அட்டவணையில் சான் மேக்குப் பதில் டா நாங்கின் தியென் சா துறை என்றிருந்தால் அதிர்ஷ்டம். ஹோய் ஆன் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும்.

கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைக்க வேண்டுமா?
*(சித்தூர்)*

கப்பல் நேரத்தில். மலேசியாவும் சிங்கப்பூரும் நம்மைவிட இரண்டரை மணி முன்னே, தாய்லாந்தும் வியட்நாமும் ஒன்றரை மணி முன்னே. கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டு தாய்லாந்தில் நின்றால், உங்கள் போன் கரையில் தானாக ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். போனில் நாலரை என்று பார்த்து நிதானமாகச் சிப்ஸ் வாங்கிக்கொண்டிருப்பீர்கள், கப்பலில் ஐந்தரை ஆகியிருக்கும். கப்பலைத் தவறவிடுகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் இல்லை, இதில் மாட்டியவர்களும் உண்டு. பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு போங்கள்.

அப்படித் தவறவிட்டால் என்ன ஆகும்?
*(அதே சித்தூர்க்காரர்)*

தினமும் கேபினுக்கு வரும் தாளில் துறைமுக ஏஜென்டின் (அந்த ஊரில் கப்பல் கம்பெனியின் ஆள்) எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். முதல் போன் அவருக்கு. கப்பலில் ஆள் குறைவது தெரிந்தால் வழக்கமாக உங்கள் பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அடுத்த துறைமுகத்துக்கு விமானச் செலவு உங்களுடையது. அது வேறு நாடாக இருந்து அங்கே விசா வேண்டுமென்றால் நேரே வீட்டுக்குத்தான். பயணக் காப்பீடு எடுக்கும்போது 'கப்பல் தவறுதல்' அதில் சேருமா என்று படித்துப் பாருங்கள்.

விசா எதற்கெல்லாம்? டிராவல் ஏஜென்ட் 'கப்பலில் இருப்பதால் வேண்டாம்' என்கிறார்.
*(ஒரு குடும்பத்தலைவி, எருத்தேம்பதி)*

ஏஜென்டை மாற்றுங்கள்! கரையில் இறங்காவிட்டாலும் சில நாடுகளுக்கு விசா இருந்தால்தான் கப்பலில் ஏற்றவே செய்வார்கள்.

சிங்கப்பூருக்கு நமக்கு விசா வேண்டும். அங்கே ஏறி அங்கேயே இறங்கும் பயணம் என்றால் இரண்டு முறை நுழைகிறீர்கள், ஆகவே பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள். எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். வியட்நாமுக்கு மின்விசா: ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. விண்ணப்பத்தில் முதலில் நுழையும் துறைமுகத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், விமான நிலையத்தைப் போட்டுவிடாதீர்கள். நடுவில் வேறு நாட்டுக்குப் போய் மறுபடி வியட்நாம் வருகிற பாதை என்றால் 50 டாலர்தான். மலேசியா 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றது, தாய்லாந்தும் தளர்த்தியது. இதெல்லாம் அடிக்கடி மாறும். கிளம்புவதற்கு முந்தின மாதம் அந்தந்த அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

ஜனவரியிலிருந்து மே வரை மாந்தோப்பை விட்டு நகர முடியாது. ஜூன், ஜூலையில் போனால் கெட்டுவிடுமா?
*(மா விவசாயி, முதலமடை)*

கெடாது, ஆனால் பாதை பார்த்து எடுங்கள். நமக்கு அடிக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் புக்கெட் பக்கத்தையும் அடிக்கிறது. அங்கே பெரிய கப்பல்கள் பத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்கும். அலை தூக்கினால் இறக்க மாட்டார்கள், கப்பலிலிருந்தே கரையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை, கப்பல் நேரே தோணித்துறையில் கட்டும். வியட்நாமின் நடுக்கரைக்கு ஜூன், ஜூலை வெயில் காலம். அங்கே மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அறுப்பு முடித்த கையோடு நீங்கள் அங்கே போக ஜூன், ஜூலை சரியான நேரம்.

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, மூட்டுவலி. பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்கிறார்.
*(மீனாட்சிபுரம்)*

கோலாலம்பூர் என்று எழுதியிருந்தாலும் கப்பல் நிற்பது போர்ட் கிளாங்கில். பத்துமலைக்கு ஒரு மணி, ஒன்றேகால் மணி. குகைக்கு 272 படி, அம்மாவால் முடியாது. ஆனால் 2006-இல் திறந்த 42.7 மீட்டர் முருகன் சிலை அடிவாரத்தில்தான் நிற்கிறது. கீழேயே சன்னிதிகளும் உண்டு. கீழே நின்று கும்பிட்டால் போதும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள், அங்கே போய் வாக்குவாதம் வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள். தைப்பூசத்தை ஒட்டி என்றால் அந்தப் பக்கமே வண்டி நகராது.

அம்மாவுக்கு இன்னும் பிடிக்கப்போவது பினாங்கு. இறங்கினால் ஜார்ஜ் டவுன், ஒரு சின்ன சவாரியில் லிட்டில் இந்தியா, குயின் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில். கடைக்காரர் தமிழில் 'வாங்கம்மா' என்பார். மூன்று மணி நேரத்தில் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் தூரத்து ஊரெல்லாம் வேண்டாம் என்கிறீர்கள். போயே ஆக வேண்டிய தூரம் ஒன்றுமே இல்லையா?
*(கொழிஞ்சாம்பாறை, பெயர் வேண்டாம் என்றவர்)*

ஒன்று இருக்கிறது. ஜாவாவின் செமராங்கிலிருந்து போரோபுதூர். ஒரு வழிக்கு இரண்டரை மணி, மலைப்பாதை, லாரிகள். இருந்தாலும் போங்கள், கப்பல் பஸ்ஸிலேயே போங்கள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்லில் புத்தர் கதையைச் சுற்றிச் சுற்றி நடந்தே படிக்கிற இடம் அது. செமராங்கிலேயே தங்கிவிட்டால் அதற்கு ஈடாகப் பார்க்க ஒன்றுமில்லை, அதனால் அந்த ஊரை விட்டுப் போவதில் இழப்பும் கிடையாது. இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே ஏறத் தனி டிக்கெட், தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். சுற்றுலாவில் அது சேர்ந்திருக்கிறதா? கப்பல் நிற்பது திங்கட்கிழமையா? திங்களன்று மேலே ஏற விடுவதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கரையில் என்ன செய்வது?
*(கல்பாத்தி)*

பினாங்கு, சிங்கப்பூரில் கவலையே இல்லை. வியட்நாமில் கீரையில்கூட மீன் சாறு ஊற்றுவார்கள். 'ஆன் சாய்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள், அங்கே அது பௌத்தச் சைவச் சாப்பாடு. கப்பல் காலை உணவை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். பழமும் சமைத்ததும் கரைக்குக் கொண்டுபோகாதீர்கள், பல துறைமுகங்களில் பிடுங்கிவிடுவார்கள். சீல் போட்ட நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டை இதுவரை யாரும் தடுத்து நான் பார்க்கவில்லை.