குழுவில் எல்லோரும் இருக்கிறார்கள், பேச்சுதான் இல்லை

கேள்வி: 1974இல் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. வேதியியல் முடித்தவள் நான். வயது 72. எங்கள் வகுப்பில் 19 பேர் இப்போது ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். காலை வணக்கப் படமும் பிறந்தநாள் வாழ்த்தும் தவிர ஒன்றும் வருவதில்லை. எல்லோரும் சேர்ந்து வீடியோ கால் பேசிப் பார்த்தோம். பாதிப் பேர் வாயே திறக்கவில்லை. ஒருத்தி கேட்டதையே கேட்கிறாள். இன்னொருத்தி கணவர் தவறிய பிறகு குழுவைவிட்டே போய்விட்டாள். உடம்பு ஒத்துழைக்கும்போதே ஒருமுறை எல்லோரும் சந்திக்க ஆசை. இந்தத் தொடர்பை எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, திருநெல்வேலி

பதில் அளிப்பவர்: முதியோர் மனநல ஆலோசகர்

குழு இருக்கட்டும், கலைக்க வேண்டாம். யாருக்குப் பேத்தி பிறந்தாள், யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்ற செய்தி போய்ச்சேர அது உதவும். ஆனால் நட்பைக் குழுவின் பொறுப்பில் விட்டுவிடாதீர்கள். 70 வயதுக்கு மேல் பழைய சிநேகிதம் நிலைப்பது இரண்டு பேர் தனியாகப் பேசும் ஃபோனில்தான். என்னிடம் வருகிற பெரியவர்களுக்கு நான் அலுக்காமல் சொல்வது இது ஒன்றைத்தான்.

அந்த வீடியோ காலில் பாதிப் பேர் பேசாததற்குக் காரணம் மனத்தாங்கல் என்று நினைத்துவிடாதீர்கள். காதாக இருக்கலாம். வயதாக ஆக, கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன்தான் முதலில் குறையும். ச, த போன்ற மெய்யெழுத்து ஒலிகள் மங்கிவிடும், உயிரெழுத்து ஒலிகள் கேட்கும். யாரோ பேசுவது தெரியும், என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது. அதில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் கேட்கவே வேண்டாம். இரண்டு முறை ‘என்ன? என்ன?’ என்று கேட்பார்கள். மூன்றாம் முறை சும்மா சிரித்துத் தலையாட்டுவார்கள். அடுத்த மாதம் அழைப்பையே எடுக்க மாட்டார்கள். இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிள்ளைகள் இதை ‘அம்மாவுக்கு இப்பல்லாம் எதிலயும் ஆர்வம் இல்லை’ என்று சொல்லி அழைத்து வருகிறார்கள்.

அதனால் இருவர் இருவராகப் பேசுங்கள். ஒவ்வொருவரும் இரண்டு பேரைப் பொறுப்பெடுத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில் தனித்தனியாகக் கூப்பிட்டால் போதும். பத்து நிமிடப் பேச்சு தாராளம். காது மந்தமான தோழியோடு வீடியோவில் பேசுவதே நல்லது, உதட்டசைவு அவருக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகத் தெரியும். கத்த வேண்டாம், நிறுத்தி நிதானமாகப் பேசுங்கள்.

இன்னொன்று. உங்கள் தோழிகளில் பலர் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருப்பார்கள். ஹாலில், டிவி பக்கத்தில், ஸ்பீக்கரில்தான் பேச்சு நடக்கும். அங்கே உட்கார்ந்து ஒருத்தி தன் மனசில் இருப்பதை எப்படிச் சொல்வாள்? எடுத்தவுடன் ‘இப்பப் பேசலாமா, இல்ல பொறவு கூப்பிடவா?’ என்று கேளுங்கள். எல்லோரும் வெளியே போன பகல் பதினொரு மணி பல பேருக்கு வசதியான நேரம்.

கேட்டதையே கேட்கும் தோழி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ‘இப்பத்தானே சொன்னேன்’ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. ‘நான் யாருன்னு சொல்லு பாப்போம்’ என்ற பரீட்சையும் வேண்டாம். நீங்களே தொடங்குங்கள்: ‘ஏட்டி, நான் தென்காசிக்காரி பேசுதேன், ஹாஸ்டல்ல உன் பக்கத்துக் கட்டில்.’ பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரை நடந்தவைதான் முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன. மறதி நோய் வந்தாலும் நேற்றைய சாப்பாடு முதலில் மறக்கும், கல்லூரிக் காலம் வெகுநாள் தங்கும். உப்புப் பகுப்பாய்வு வகுப்பைப் பேசுங்கள். வாயு தயாரிக்கும் கிப்ஸ் கருவியிலிருந்து வந்து லேப் முழுக்கப் பரவிய அழுகிய முட்டை நாற்றம், சோதனைக் குழாயில் பழுப்பு வளையம் ஆடாமல் நிற்க வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அமிலத்தை ஊற்றியது, இதெல்லாம் அவரிடம் இன்னும் இருக்கும். அவருடைய மகளோ மகனோகூடக் கேட்டிராத பக்கம் அது. வகுப்புத் தோழிகள் மட்டுமே அவருக்குக் கொடுக்கக்கூடிய மருந்து என்றே சொல்வேன்.

அப்புறம், அவர் வீட்டாரில் ஒருவரிடம் தனியாக விஷயத்தைச் சொல்லுங்கள், குழுவில் வேண்டாம். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, காது மந்தம் எல்லாமே மறதிபோலத் தோற்றம் தரும். இவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டாக்டர் பார்த்து முடிவுசெய்யட்டும்.

கணவரை இழந்த தோழியைத் திரும்பவும் குழுவில் சேர்க்காதீர்கள். கூப்பிடுங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் வீடு வெறிச்சென்று ஆகும், அப்போது ஃபோனும் நின்றுபோகும். இரண்டாவது மாதமும் ஆறாவது மாதமும் நீங்கள் பேச வேண்டிய காலம். ‘எப்படிப் போனார்?’ என்று மறுபடி கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். சந்திப்புக்கு அவரை நேரில் அழையுங்கள், பொது அழைப்பு போதாது. ‘நான் வந்தா நல்லாருக்குமா’ என்ற தயக்கம் இன்னும் பல பெண்களிடம் இருக்கிறது. தயவுசெய்து வாசலில் குங்குமத் தட்டு வைக்காதீர்கள். இந்த வயதில் உங்கள் வகுப்பில் பலர் கணவரை இழந்தவர்களாக இருப்பார்கள். 50 வருடம் கழித்துப் பார்க்க வரும் தோழியை வாசலிலேயே பிரித்து நிறுத்தும் தட்டு அது. பூ கொடுப்பதென்றால் எல்லோர் கையிலும் கொடுங்கள்.

குழுவில் இல்லாத வகுப்புத் தோழிகளைத் தேடும்போது பழைய பெயரைக் கொண்டு மட்டும் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பல பேருக்கு இன்ஷியலே மாறியிருக்கும். அப்பா ஊர், அண்ணன் தம்பி பெயர், அப்பா பார்த்த வேலை இவற்றை வைத்து விசாரியுங்கள். ஆசிரியர்களாக ஓய்வு பெற்றவர்களை ஓய்வூதியர் சங்கங்கள் வழியாகக் கண்டுபிடிக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. தோழியின் எண்ணிலிருந்து ‘அவசரமாகப் பணம் அனுப்பு’ என்றோ ‘உனக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லு’ என்றோ செய்தி வந்தால், ஃபோன் செய்து அவர் குரலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள். வாட்ஸ்அப் கணக்கைத் திருடுபவர்களின் வழி அது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

‘இதற்கெல்லாம் இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?’ என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஹார்வர்டில் 1938இல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். கல்லூரி மாணவர்களையும் பாஸ்டன் நகரின் ஏழைப் பையன்களையும் முதுமைவரை பின்தொடர்ந்தார்கள். 50 வயதில் யாருக்கு உறவுகளில் நிறைவு இருந்ததோ அவர்களே 80இல் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தார்கள். 50 வயதில் இருந்த கொலஸ்ட்ரால் அளவைவிட உறவுகளே பின்னால் வரப்போவதைச் சரியாகக் காட்டின.

இனி சந்திப்பு. ஜனவரி, பிப்ரவரி பாருங்கள்; மழையும் முடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. காலை பத்தரைக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். லிஃப்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் உள்ள இடமா என்று ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் இருப்பார்கள், சாப்பாடு பன்னிரண்டரைக்கு இலையில் இருக்க வேண்டும். பேச்சாளர், பாட்டு, பரிசு எதுவும் வேண்டாம், பேசத்தானே வருகிறார்கள். வெளியூர்த் தோழிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ரயில் டிக்கெட்டாக எடுக்க வேண்டாம். மூத்த குடிமக்களுக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, ஒரு டிக்கெட்டில் தகுதியுள்ள ஒருவரோ இருவரோ மட்டும் பயணம் செய்தால்தான் கிடைக்கும்.

வர முடியாதபடி படுக்கையில் இருப்பவரை மறுநாள் இரண்டு பேர் மட்டும் போய்ப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். எந்த நேரத்தில் வரலாம் என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். தலை வாரி, சேலை மாற்றி உட்காரவைக்க அவர்களுக்கும் அவகாசம் வேண்டும்.