அனுப்புகிறவர் யார்? இறையியல் படிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பி.காம். முடித்துவிட்டேன். ஆயர் ஊழியம் செய்ய வாஞ்சை. பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) படித்து வந்தால் எங்கள் திருமண்டலத்தில் எடுத்துக்கொள்வார்களா?
வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பி.டி. முடித்ததனால் மட்டும் யாரும் ஆயர் ஆகிவிடுவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் படிப்புக்கு முன்பே தொடங்கும் வேலை இது. முதலில் சேகரக் கமிட்டி, அதாவது ஒரே குருவின் பொறுப்பில் உள்ள உங்கள் வட்டாரச் சபைகளின் குழு, உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். பிறகு திருமண்டலத்தின் (பேராயரின் பொறுப்பில் உள்ள பெரிய பகுதியின்) தேர்வுக் குழு நேர்காணல் நடத்தும். பேராயர் தம் வேட்பாளராக உங்களைக் கல்லூரிக்கு அனுப்புவது அதற்கும் அடுத்த படி. படித்துத் திரும்பியதும் சில காலம் பயிற்சி ஊழியம், டீக்கன் என்ற உதவிகுருப் பட்டம், அதன்பின் ஆயராக்கும் குருப்பட்டம்.

தவறு நடக்கும் இடம் பெரும்பாலும் ஒரு கடிதம். “இவர் எங்கள் சபை அங்கத்தினர், நற்சாட்சி உள்ளவர்” என்று சேகர குரு எழுதித் தருவார். கல்லூரியில் சேர அது போதும், நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். ஆனால் “எங்கள் வேட்பாளராக அனுப்புகிறோம்” என்ற வரி அதில் இருக்காது. நான்கு வருடம் சொந்தச் செலவில் படித்துவிட்டு வந்து நிற்கும்போது, திருமண்டலம் தான் அனுப்பியவர்களுக்குத்தான் முதலில் இடம் கொடுக்கும். அந்த நேரத்தில் யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. கடிதத்தில் அந்த வரி இருக்கிறதா என்று விண்ணப்பம் போடும் முன்பே படித்துப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் பொறுத்து, சேகரத்தில் ஞாயிறு பள்ளி, வாலிபர் ஐக்கியம் என்று வேலை செய்துவிட்டு மறுபடி கேட்பதே நல்லது.

கேள்வி: பி.டி., எம்.டிவ். (இறையியல் முதுநிலைப் பட்டம்) இரண்டில் எது மேல்?
வாசகர், சேலம்

மேல் கீழ் என்று பார்க்க வேண்டாம், எந்த வாசலுக்கு எந்தச் சாவி என்று பாருங்கள். பி.டி. பட்டத்தை மேற்கு வங்கத்துச் செராம்பூர் கல்லூரியின் செனட் என்ற குழு வழங்குகிறது. அந்தக் கல்லூரி 1818-இல் தொடங்கியது. 1827-இல் டென்மார்க் மன்னரின் சாசனம் பெற்றது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் செனட்டை அமைத்தது. பி.டி. படிப்பு பட்டதாரிகளுக்கு 4 வருடம், பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 வருடம். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் சென்னைக் குருகுலமும் இந்தக் குடும்பம்தான்.

எம்.டிவ். பெரும்பாலும் ஆசிய இறையியல் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் நடக்கிறது. பட்டதாரிகளுக்கு வழக்கமாக 3 வருடம். சுயாதீன சபைகளும் மிஷனரி அமைப்புகளும் இதை ஏற்கின்றன. ஆனால் அந்த அங்கீகாரம் சபைகளுக்கு இடையிலானது, அரசு தந்தது அல்ல. பின்னால் செராம்பூரில் எம்.டிஎச். என்ற மேற்படிப்பு படித்து இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணம் இருந்தால் பி.டி. வழியே போங்கள்.

கேள்வி: புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் என்றாலே பயம். தமிழ் மீடியத்தில் படித்தவன் தேறுவேனா?
வாசகர், திண்டுக்கல்

தேறுவீர்கள். வேற்றுமை என்றால் என்னவென்று உங்களுக்குத் தமிழ் இலக்கணமே சொல்லித் தந்துவிட்டது. ‘வார்த்தை’ என்பதற்குக் கிரேக்கத்தில் லோகோஸ். ‘வார்த்தையின்’ என்றால் லோகூ, ‘வார்த்தையை’ என்றால் லோகொன். தமிழில் ‘ஐ’ உருபு எல்லாப் பெயருக்கும் ஒன்றுதான், கிரேக்கத்தில் பெயரின் வகைக்கும் ஒருமை பன்மைக்கும் ஏற்ப விகுதி மாறும். சிக்கல் அங்கேதான். சொற்களைப் பொறுத்தவரை, புதிய ஏற்பாட்டில் 50 முறைக்கு மேல் வருபவை சுமார் 300. அவற்றைக் கற்றாலே, வாசிக்கும்போது வரும் சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு பிடிபடும். நாளுக்கு 10 சொல் என்றால் ஒரு மாதம். தேர்வுக்கு முந்தின வாரம் மொத்தமாக உட்காருகிறவர்கள்தான் தோற்கிறார்கள்.

கேள்வி: பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டா?
வாசகி, கோவை

தென்னிந்தியத் திருச்சபையில் 1970-களிலிருந்தே உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் இல்லை. உங்கள் சபை எதுவென்று எழுதவில்லை. சேரும் முன் அங்கே நேரில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பிரசங்கத்தைவிட நோயாளிகளோடு இருப்பதே எனக்குப் பிடிக்கும். அதற்குத் தனிப் படிப்பு உண்டா?
வாசகர், வேலூர்

உண்டு. மருத்துவமனைச் சாப்ளின் (நோயாளிகளோடு இருந்து ஆறுதல் ஊழியம் செய்பவர்) வேலைக்கு பி.டி. அல்லது எம்.டிவ். அடிப்படை. அதன்மேல் சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) எனப்படும் களப்பயிற்சி வேண்டும். அமெரிக்க முறையில் ஒரு யூனிட் என்றால் குறைந்தது 400 மணி நேரம், வார்டு நேரமும் குழு வகுப்பும் சேர்த்து.

இதன் உயிர் ‘வெர்பேட்டிம்’. நோயாளியோடு பேசி முடித்ததும், அவர் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் வரிக்கு வரி எண் போட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது. அதைக் குழுவில் வாசிப்பார்கள். இப்படி இருக்கும் (‘நோ’ நோயாளி, ‘சா’ சாப்ளின்):

நோ 1: நான் பிழைப்பேனா ஐயா?
சா 1: அப்படிப் பேசாதீங்க, ஜெபம் பண்ணுவோம்.
நோ 2: சரி ஐயா.

குழு ‘சா 1’-இல் நிறுத்திவிடும். அவர் மரணத்தைப் பற்றிப் பேச வாய் திறந்தார். ஜெபத்தைக் கொண்டு நீங்கள் அந்தக் கதவைச் சாத்தினீர்கள். ‘நோ 2’ சம்மதம் இல்லை, பேச்சை முடித்துக்கொண்டது. “டாக்டர் என்ன சொன்னாங்க? உங்களுக்கு எது பயமா இருக்கு?” என்று கேட்டிருந்தால் அவரே பேசியிருப்பார். நன்றாகப் பிரசங்கிக்கிறவர்களுக்கே இது அதிகக் கஷ்டம், பதில் சொல்லிப் பழகிய நாக்கு அல்லவா. சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கேட்காதவரிடம் வேதம் வாசிக்கக் கூடாது. பிற சமயத்தவரை நம் சமயத்துக்கு இழுக்கும் பேச்சு வார்டில் அறவே கூடாது.

கேள்வி: ஊழியத்துக்கு அல்ல, ஆராய்ச்சிக்காகக் கிறிஸ்தவம் படிக்க வேண்டும். வழி?
வாசகி, சென்னை

சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ ஆய்வுகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே சபைப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் சமயங்களின் ஒப்பாய்வு ஒரு பாடமாக உள்ளது. அதன் பாடத்திட்டம் எல்லாச் சமயங்களையும் தொடும், ஆகவே பௌத்தம், சமணம், இஸ்லாம் பகுதிகளை முதல் வருடத்திலேயே படிக்கத் தொடங்குங்கள்.