பரண் மேல் 187 புத்தகங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. ஈரோட்டில் கணக்காளராக இருக்கிறேன். ஆகஸ்டில் எங்கள் ஊர் புத்தகத் திருவிழா, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, இரண்டுக்கும் தவறாமல் போய்ப் பை நிறைய வாங்கி வருவேன். போன வாரம் என் மனைவி உட்கார்ந்து எண்ணிவிட்டு, நான் திறந்துகூடப் பார்க்காதவை மட்டும் 187 என்றார். பீரோ நிறைந்து, மிச்சம் அட்டைப்பெட்டியில் பரணுக்குப் போய்விட்டது. 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகத்தில் எட்டு மாதமாக நிற்கிறேன். அதை முடிக்காமல் இன்னொன்றைத் தொட மனம் வரவில்லை. இரவில் எடுத்தால் இரண்டு பக்கத்தில் கை செல்போனுக்குப் போய்விடுகிறது. வாங்குவதையே நிறுத்திவிடலாமா? வருகிற ஆகஸ்டில் என்ன வாங்கலாம் என்றும் சொல்லுங்கள்.
(பெயர் வேண்டாம், ஈரோடு)

பதில்: நிறுத்திவிடலாமா என்று கேட்ட கையோடு, என்ன வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நம்ம ஆள்தான் நீங்கள்.

கணக்காளர் என்பதால் முதலில் ஒரு கணக்கு. மாதம் ஒரு புத்தகம் படித்தால் 187 முடிய பதினைந்தரை வருடம் ஆகும். அதுவும் இன்றிலிருந்து ஒன்றுகூட வாங்காமல் இருந்தால். இரண்டு கண்காட்சிக்கும் சேர்த்து வருடத்துக்கு 25 வாங்குகிறீர்கள் என்று வைத்தால், இந்தக் கடன் தீரவே தீராது. வருடத்துக்கு 13 ஏறிக்கொண்டே போகும். வாங்கிப் படிக்காமல் அடுக்கிவைப்பதற்கு ஜப்பானிய மொழியில் 'சுன்தோக்கு' என்று அழகான சொல் இருக்கிறது என்று யாராவது ஆறுதல் சொல்ல வருவார்கள். பெயர் வைத்தால் பீரோவில் இடம் வந்துவிடுமா?

ஆனால் அந்த 187 என்ற எண்ணே எனக்குச் சரியாகப் படவில்லை. அலுவலகத்தில் எல்லாச் செலவையும் ஒரே தலைப்பில் எழுதுவீர்களா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்கிப் பிரித்துப் பாருங்கள். அகராதி, குறள் உரைகள், சங்க இலக்கியப் பதிப்பு, யாரோ ஒருவரின் முழுத் தொகுப்பு, இதெல்லாம் தேவைப்படும்போது புரட்ட வேண்டியவை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை யாரும் படிப்பதில்லை. இவற்றைப் படிக்காத கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்தது, நண்பரின் நூல் வெளியீட்டு விழாவுக்குப் போய், மேடையில் அவர் முகத்தைப் பார்த்து வாங்கியவை. அது மொய். மொய் எழுதியதோடு கடமை முடிந்தது. அப்புறம், பங்குச் சந்தை, யோகா, முப்பது நாளில் இந்தி என்று நீங்கள் வேறு ஆளாக ஆகிவிட நினைத்த வருடங்களில் வாங்கியவை. இவை போனால் பாதிகூட மிஞ்சாது என்பது என் அனுபவம். நானும் ஒருமுறை இப்படிப் பிரித்தேன். ஒரே சிறுகதைத் தொகுப்பை மூன்று வெவ்வேறு வருடங்களில் வாங்கியிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றையும் படித்திருக்கவில்லை.

கழிந்தவற்றைக் கொடுத்துவிடுங்கள். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினார். அதில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பது. உங்கள் பரணில் கிடக்கும் யோகா புத்தகத்துக்கான ஆள் எங்கேயோ இருக்கிறார், அவ்வளவுதான். கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சென்னைக் கண்காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு வைத்துக் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பேப்பர்காரருக்கு மட்டும் எடை போடாதீர்கள், என் நெஞ்சு தாங்காது.

இப்போது இரண்டாம் பாகத்துக்கு வருவோம். எட்டு மாதம் என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதை 'கல்கி' இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954இல்தான் முடிந்தது. ஏறக்குறைய மூன்றரை வருடம் வாரா வாரம் காத்திருந்து படித்திருக்கிறார்கள். இரண்டாம் பாகத்தில் ஒருவர் எட்டு மாதம் இருப்பது அந்தக் காலத்து வாசகருக்கு ஒரு செய்தியே இல்லை. தொடர்கதையாக எழுதியதை ஒரே மூச்சில் விழுங்கப் பார்ப்பதால்தான் உங்களுக்குத் திகட்டுகிறது என்று நினைக்கிறேன். அத்தியாயம் ஒவ்வொன்றும் சின்னது, கடைசியில் ஒரு கொக்கி போட்டுத்தான் விடுவார். என் அம்மா வார இதழ்களில் வந்த தொடர்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்திருந்தார். மொத்தக் கதையும் கையில் இருந்தும், சமையல் முடிந்த மதியத்தில் ஒரு அத்தியாயம், அதற்கு மேல் புரட்டமாட்டார். நாங்கள் கெஞ்சினாலும் அடுத்த பக்கம் கிடையாது. நீங்களும் நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று வையுங்கள். அதன் பக்கத்திலேயே வேறு புத்தகம் ஒன்றையும் தாராளமாக எடுக்கலாம். அந்தக் காலத்தில் ஒரே இதழில் இரண்டு மூன்று தொடர் ஓடும், யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

ஐம்பது பக்கம் போன பிறகும் ஒட்டவில்லையென்றால்? மூடிவிடுங்கள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று தெரிந்த பிறகும் பாத்திரத்தைக் காலி பண்ணுவோமா?

செல்போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். அதற்கு மேல் எனக்கும் வைத்தியம் தெரியாது. ஆனால் நாள் முழுக்க எண்களைப் பார்த்த கண்ணுக்கு இரவு பத்து மணி சரியான நேரமில்லை. காலையில் காபியோடு இருபது நிமிடம் முயன்று பாருங்கள். வரித் தாக்கல் மாதங்களில் படிக்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். விவசாயிக்கும் எல்லா மாதமும் அறுவடை இல்லை.

வாங்குவதை நிறுத்தச் சொல்லமாட்டேன். தமிழில் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் 1,000, 1,200 பிரதிகள் அச்சடித்தார்கள். இப்போது பல புத்தகங்கள் சில நூறோடு நின்றுவிடுகின்றன. சின்னப் பதிப்பகம் போட்ட கவிதைத் தொகுப்பையோ, ஒரு ஊரின் வரலாற்றையோ, மொழிபெயர்ப்பையோ பார்த்தபோது வாங்காவிட்டால் அடுத்த வருடம் அரங்கில் தேட வேண்டியதுதான். அதை வாங்குங்கள். ஆனால் நாட்டுடைமையான எழுத்தாளர்களின் புத்தகங்கள் எங்கும் ஓடிப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் பத்து அரங்கில் பத்து அட்டையோடு கிடைக்கும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலும் பலவற்றை இலவசமாகவே படிக்கலாம். பத்து சதவீதக் கழிவைப் பார்த்து இவற்றை மூட்டை கட்டுவதைத்தான் நிறுத்த வேண்டும். நூலகத்தில் எடுத்துப் படித்தால் இன்னொரு லாபமும் உண்டு. பின்னட்டைக்குள் ஒட்டிய தாளில் திருப்பித் தரவேண்டிய தேதி குத்தியிருக்கும். சொந்தப் புத்தகத்தில் அந்த முத்திரை இல்லாததுதான் உங்கள் வீட்டுப் பிரச்சினையே.

படிப்பதைவிடச் சேர்ப்பதில்தான் சந்தோஷம் என்றால் அதையும் வெட்கப்படாமல் ஒப்புக்கொள்ளலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களும் பத்திரிகைகளும் நாடக நோட்டீஸ்களும்தான் 1994இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாயின. அவர் எல்லாவற்றையும் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் சேர்ப்பவர் பரணில் போட்டுவிட்டு மறக்கமாட்டார். ஓட்டு வெயில் தாளைப் பழுப்பாக்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறும், அப்புறம் ராமபாணப் பூச்சி வந்து பைண்டிங்கிலிருந்து தின்ன ஆரம்பிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது இறக்கித் தூசி தட்டி, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி அடுக்க வேண்டும்.

பிரிக்கும் வேலைக்கு உங்கள் மனைவியைக் கட்டாயம் கூப்பிடுங்கள். எண்ணியவர் அவர்தானே. இடையில் அவர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்துவிட்டால் தொந்தரவு பண்ணாதீர்கள், அந்தப் புத்தகத்தைப் படித்த கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ஆகஸ்டு பட்டியல் என்னிடம் தயாராக இருக்கிறது. இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு எழுதுங்கள், அனுப்புகிறேன்.