புறநகர்க் கடைத்தொகுதிக்கு அதன் இடமே கூட்டத்தைக் கொண்டுவந்துவிடுமா?

சிங்கப்பூரின் புறநகர் வட்டாரம் ஒன்றில் எழும்பிவரும் புதிய கடைத்தொகுதியில் சிறிய துணிக்கடை வைக்க இடம் எடுக்கலாமா, எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் வாடிக்கையாளர்கள் தாமாகவே வந்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதே என் பதில். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் எந்த வழியாக நடக்கிறார்களோ அந்த வழியிலேயே கடைத்தொகுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், வழியை விட்டு விலகி வருவதற்கு வேறெங்கும் கிடைக்காத ஒரு காரணத்தை அது அவர்களுக்குத் தர வேண்டும்.

பல ஆண்டுகளாக ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி பூன் லேக்குப் போய்வருகிறவன் என்பதால், அந்த வட்டாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். பழைய ஜூரோங் பொழுதுபோக்கு மையம் இருந்த இடத்தில் 2012இல் ஜேகியூப் என்ற கடைத்தொகுதி திறக்கப்பட்டபோது, அதற்கு என்ன குறை என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. ஒலிம்பிக் அளவிலான பனிச்சறுக்குத் தளமும் ஐமேக்ஸ் திரையரங்கும் இருந்தன. நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். ஆனால் அடுத்த ஆண்டே ஜெம், வெஸ்ட்கேட் என்ற இரண்டு பெரிய கடைத்தொகுதிகள் நிலையத்தை ஒட்டியே திறக்கப்பட்டன. ரயிலை விட்டு இறங்குகிறவர் வெயிலோ மழையோ படாமல் அவற்றுக்குள் நுழைந்துவிடலாம். ஜேகியூபுக்குப் போக விரும்பியவர், மேல்தள நடைபாதையில் வந்தால், பெரும்பாலும் ஜெம்மைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. காய்கறி, இரவுச் சாப்பாடு, பிள்ளைக்கு ஒரு ஜோடிக் காலணி என்று தேவையானதெல்லாம் முதல் கட்டடத்திலேயே முடிந்துவிட்ட பிறகு, பையைச் சுமந்துகொண்டு இரண்டாவது கட்டடத்துக்கு யார் நடப்பார்கள்? 2023 ஆகஸ்ட்டில் ஜேகியூப் மூடப்பட்டது. அந்த இடத்துக்கு, கீழே கடைகளுடன் கூடிய 40 மாடிக் குடியிருப்பு திட்டமிடப்பட்டது.

இங்கே, அதே வட்டாரத்தில் உள்ள ஐஎம்எம் என்ற கடைத்தொகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது நிலையத்திலிருந்து ஜேகியூபைவிடத் தொலைவில் இருக்கிறது. அப்படியிருந்தும் அது நிலைத்து நிற்கிறது. டைசோ என்ற ஜப்பானிய மலிவுவிலைக் கடை நிறுவனம் சிங்கப்பூரில் தன் முதல் கடையை 2002இல் திறந்தது அங்கேதான். எதை எடுத்தாலும் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்பதற்காகவே தீவின் மறுகோடியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பின்னர் ஐஎம்எம் பெயர்பெற்ற நிறுவனங்களின் பொருட்களைக் கழிவு விலையில் விற்கும் இடமாக மாற்றியமைக்கப்பட்டது. ஜேகியூப், வெஸ்ட்கேட், ஐஎம்எம் மூன்றுமே கேப்பிட்டாலேண்ட் என்ற சொத்து நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்தவையாக இருந்தன என்பதால், நிர்வாகம் சரியில்லாததால்தான் ஒன்று மட்டும் தோற்றது என்று சொல்ல முடியாது. பனிச்சறுக்குத் தளம் கூட்டத்தைக் கூட்டியது உண்மை. ஆனால் சறுக்க வருகிறவர் வாரந்தோறும் அரிசியும் சட்டையும் வாங்குகிற வாடிக்கையாளராக மாறிவிடுவதில்லை என்று நான் கருதுகிறேன்.

ஒரு கடைத்தொகுதி பெரிதாக இருக்க இருக்க ஈர்ப்பு கூடும், அங்கு போய்ச்சேர ஆகும் நேரம் கூடக் கூட ஈர்ப்பு மளமளவென்று குறையும், அருகிலுள்ள போட்டியாளர்கள் அந்த ஈர்ப்பைப் பங்குபோட்டுக்கொள்வார்கள் என்று 1960களில் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஹஃப் ஒரு கணக்கு முறையை வகுத்தார். கார் வைத்திருப்போர் நிறைந்த அமெரிக்கப் புறநகர்களில் பத்து நிமிடப் பயணம் பெரிதாகத் தோன்றாது. வாகன உரிமைச் சான்றிதழுக்கே பெருந்தொகை கொடுக்க வேண்டிய சிங்கப்பூரில் மக்கள் ரயிலையும் பேருந்தையும் நடையையும் நம்பியிருப்பதால், கூடுதலாக ஒரு சாலையைக் கடப்பதே கணக்கை மாற்றிவிடுகிறது. தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட், உட்லண்ட்ஸ் ஆகியவற்றை வட்டார மையங்களாக வளர்க்க சிங்கப்பூரின் 1991ஆம் ஆண்டு நகரத் திட்டம் முடிவுசெய்ததும் ரயில் நிலையங்களை நடுவில் வைத்துத்தான்.

பூன் லேயில் ஜூரோங் பாயிண்ட்டை ஒரு வார நாளில் மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து பேருந்து முனையத்துக்குப் போகிறவர்கள் கடைத்தொகுதியின் ஊடாகவே நடக்கிறார்கள். அந்த நடைவழியை ஒட்டிய ரொட்டிக் கடையில் வரிசை நிற்கிறது. கடையின் பெயரைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அதே கட்டடத்தில் மேல்தளத்து மூலையில் இருக்கும் கடைக்கு அந்தக் கூட்டத்தால் பெரிய பயன் இல்லை. எனவே கட்டடத்தின் இடத்தைப் போலவே, கட்டடத்துக்குள் உங்கள் கடையின் இடமும் முக்கியம்.

முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த நிலையத்தின் வெளிவாயிலில் வார நாள் மாலையிலும் ஞாயிறு மதியத்திலும் நின்று, இறங்குகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று கவனியுங்கள். சுற்றியுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் எத்தனை புளோக்குகளில் ஏற்கெனவே ஆட்கள் குடியேறிவிட்டார்கள் என்பதையும் பாருங்கள். சாவி கொடுக்கப்படாத வீடுகளை நம்பித் துணிக்கடை நடத்த முடியாது. நிலையத்தோடு இணைக்கும் பாலம் கடைத்தொகுதி திறக்கும் நாளிலேயே திறக்கப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். வாடகைப் பேச்சில், விற்பனையில் குறிப்பிட்ட விழுக்காட்டை வாடகையாகத் தரும் பகுதியைச் சற்றுக் கூட்டியாவது நிலையான வாடகையைக் குறைக்கச் சொல்லுங்கள். கூட்டம் வராத மாதங்களில் அதுதான் உங்களைக் காப்பாற்றும். வாடகையை இரண்டு விதமாகக் கணக்கிட்டு, எது அதிகமோ அதை வாங்கிக்கொள்ளும் முறைக்கு, 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சில்லறைக் கடைக் குத்தகைச் சட்டத்தின் நடத்தை விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கு இது பொருந்தும் என்பதால், கையெழுத்திடும் முன் அந்த விதிகளை ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள்.