படம் நினைவில் இருக்கிறது, சொல் வரவில்லை என்றால்

தமிழ்ச் சொற்களை நினைவில் வைக்க மனதில் படம் கற்பனை செய்தும், படம் வருகிறது, சொல் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நாற்பது சொல்லுக்கும் சொல்லுக்கொரு விசித்திரப் படம் கற்பனை செய்தீர்கள் அல்லவா, சிக்கல் அங்கேதான். எல்லாமே விசித்திரம் என்றால் எதுவும் தனித்து நிற்காது. ஒரே மாதிரியானவற்றுக்கு நடுவே வேறுபட்ட ஒன்றுதான் மனதில் நன்றாகத் தங்கும் என்று 1933இலேயே ஜெர்மன் உளவியலாளர் ஹெட்விக் ஃபொன் ரெஸ்டோர்ஃப் காட்டிவிட்டார். அடம்பிடிக்கும் ஐந்தாறு சொற்களுக்கு மட்டும் படம் வையுங்கள்.

அப்புறம், 'பாம்பு' என்ற சொல்லுக்குக் காவடிமேல் பாம்பு ஆடுவதாகப் படம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல படம், ஆனால் அதில் 'பாம்பு' என்ற ஒலி எங்கே? மொரீஷியஸில் நாம் பேசும் கிரியோல் மொழி இருக்கிறதே: அதில் மூங்கிலுக்கு 'பாம்பூ'. கொல்லை மூங்கில் ஒன்று வளைகிறது, கணுக்கணுவாகச் செதில் முளைக்கிறது, நுனி பிளந்து சீறுகிறது. ரோஸ் ஹில்லில் என் மகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தேன், அவள் அந்தச் சொல்லை மறக்கவே இல்லை.

இன்றிரவு பட்டியலில் தமிழ்ப் பக்கத்தை மூடிவிட்டு, கிரியோல் சொல்லை மட்டும் பார்த்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். படம் வந்து சொல் வராவிட்டால் ஒலி விட்டுப்போயிருக்கிறது. படமே வராவிட்டால் அதில் சாமான் அதிகம், குறையுங்கள்.

'பொறுமை', 'உண்மை' போன்றவற்றுக்கு இது அவ்வளவாக ஒத்துவராது, வாக்கியத்தில் வைத்துப் பழகுங்கள். எந்தச் சொல்லானாலும் இரண்டு நாள், ஒரு வாரம் கழித்து மறுபடி சொல்லிப் பார்க்கத்தான் வேண்டும்.